சட்டைப் பையில் இருந்த அரிசி

அப்பு,

திங்கட்கிழமை மலைக்குப் போகும்போது நீ கழற்றிப் போட்டுவிட்டுப் போன நீலக் கோடு போட்ட சட்டையை ஊற வைப்பதற்கு முன்னால் உன் அம்மா பையைத் துழாவியிருக்கிறாள். சில்லறை ஏதாவது கிடக்கும் என்று கையை விட்டவளுக்கு ஒரு பிடி அரிசி வந்தது. கூடவே பாதி காலியான மாத்திரை அட்டை ஒன்று. அரிசியை உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு நான் உட்கார்ந்திருந்த இடத்துக்கே வந்து சிரித்தாள். "அப்பனுக்கு இருந்த கிறுக்கு மகனுக்கும் வந்திருச்சு பாருங்க. கல்யாணத்தன்னைக்கு மழை கொட்டத்தேன் போகுது" என்றாள். நான் பேப்பரை மடித்து வைத்துவிட்டு அரிசியையும் அட்டையையும் மாறி மாறிப் பார்த்தேன். அவள் சிரிப்பு பாதியில் நின்று, "என்னங்க, ஏன் இப்படி வெறிக்கிறீக?" என்று கேட்டாள். அன்றைக்கு அவளுக்கு நான் பதில் சொல்லவில்லை. பத்து வருடமாகச் சொல்லாத பதில் அது. அதைத்தான் இப்போது உனக்கு எழுதுகிறேன்.

போனில் சொல்லிப் பார்த்தேன், உனக்கே தெரியும். செவ்வாய்க்கிழமை கூப்பிட்டு, "டேய், ஒரு தடவை ரத்தம் குடுத்துப் பாத்துட்டு வாடா, உனக்கு ரத்தசோகை மாதிரி தெரியுது" என்றேன். நீ என்ன சொன்னாய்? "ரத்தசோகையா? அது பொம்பளைக சீக்குப்பா. வைக்கிறேன், லோடு ஏறிருச்சு" என்று சிரித்துக்கொண்டே வைத்துவிட்டாய். அந்த வார்த்தை என் வார்த்தை. போடி ஜீப் ஸ்டாண்டில் பத்துப் பேர் நடுவில் நான் சொல்லி, பத்துப் பேரும் சிரித்து, அந்தப் பத்துப் பேரில் ஒருவனாகப் பதினேழு வயதில் நீயும் நின்று சிரித்த வார்த்தை. என் வாயிலிருந்து போனது அப்படியே போன் வழியாக என் காதுக்குள் திரும்பி வந்தது.

இன்று வியாழக்கிழமை. இந்தக் கடிதத்தை நாளைக் காலை முருகேசன் ஜீப்பில் கொடுத்தனுப்புகிறேன். உறையை நான் ஒட்டவில்லை. வழியில் யார் பிரித்துப் படித்தாலும் படிக்கட்டும். ஊருக்கே தெரிய வேண்டிய விஷயத்தை ஒட்டி அனுப்பி என்ன ஆகப் போகிறது?

முதலில் அரிசியைப் பற்றிச் சொல்கிறேன். நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது என் காக்கிச் சட்டைப் பையில் அரிசி இருந்ததில்லை. அது நான் ஜீப் ஓட்டிய கடைசி இரண்டு வருடத்தில் வந்த பழக்கம். முந்தல் தாண்டி மலையேறத் தொடங்கினால் கை தானாகப் பைக்குள் போகும். நாலு அரிசியை எடுத்து வாயில் போட்டு மெல்ல வேண்டும். கடைவாயில் அது நொறுங்கும்போது ஒரு சுகம். சிகரெட்டை விட்டவனுக்கு இது ஒரு சாக்கு என்று நினைத்துக்கொண்டேன். அரிசியோடு நிற்கவில்லை. முதல் மழை விழுந்து மண் வாசம் எழுந்தால் ஜீப்பை ஓரங்கட்டி ஒரு கை அள்ளித் தின்றுவிடலாமா என்று நாக்கு ஊறும். இதை வெளியில் சொன்னால் காறித் துப்புவார்கள் என்று சொல்லவில்லை. அரிசி மட்டும் எல்லோருக்கும் தெரியும். பின்னால் உட்கார்ந்திருக்கும் நம் தெருப் பெண்கள் விடுவார்களா? "அண்ணே, உங்க கல்யாணத்துக்கு மழை பெஞ்சு முடிஞ்சிருச்சு. இப்ப தின்கிறது யார் கல்யாணத்துக்கு? மகனுக்கா?" என்று ஒருத்தி ஆரம்பித்தால் பதினேழு வளைவும் சிரிப்பாகவே போகும். உன் அம்மாவுக்கு மட்டும் அது பிடிக்காது. ஒருநாள் அரிசிப் பானைக்குள் நான் கைவிட்டதைப் பார்த்துவிட்டுக் கத்தினாள். "வாய்க்கரிசியை எவனாவது தனக்குத் தானே போட்டுக்குவானா? எடுங்க கையை!" என்றாள். சொன்ன பிறகு அவளே பதறிப் போய் வாயில் அடித்துக்கொண்டாள். நான் சிரித்தேன்.

உடம்பில் ரத்தம் வற்றினால் சிலருக்கு அப்படித்தான் நாக்கு கேட்குமாம். அரிசி, மண், சாம்பல், சாக்பீஸ், ஐஸ் கட்டி என்று ஆளுக்கு ஒன்று. இதைப் பிறகு ஒரு டாக்டரம்மா சொல்லித்தான் நான் தெரிந்துகொண்டேன். அவர் சொன்னபோது என் பையிலிருந்த அரிசி என்னைப் பார்த்துப் பல்லைக் காட்டிய மாதிரி இருந்தது. இரண்டு வருடமாக அது என் நெஞ்சுக்கு நேராக உட்கார்ந்து சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறது. எனக்குத்தான் கேட்கவில்லை.

வற்றியது எப்படி என்றால், அந்த மாத்திரையால். உன் பையில் இருந்த அதே ரோஸ் மாத்திரை. ஜீப் ஓட்டுகிறவனுக்கு இடுப்பு வலி இல்லாமல் இருக்குமா? குண்டும் குழியுமான தோட்டத்துப் பாதையில் இறங்கி ஏறி, சாயங்காலம் சீட்டை விட்டு இறங்கும்போது முதுகெலும்பு கழன்று சீட்டிலேயே கிடக்கிற மாதிரி இருக்கும். மெடிக்கலில் கேட்டேன், கொடுத்தார்கள். ஒன்று போட்டால் பறந்துவிடும். காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று என்று போட ஆரம்பித்தேன். வெறும் வயிற்றில் போட்டுக்கொண்டு மேலே கடையில் பால் ஊற்றாத கட்டஞ்சாயா குடிப்பேன். அது உள்ளே போய்க் குடலை அரித்துப் புண்ணாக்கி, சொட்டுச் சொட்டாக ரத்தம் ஒழுகிக்கொண்டே இருந்திருக்கிறது. வெளிக்குப் போனால் தார் மாதிரிக் கறுப்பாகப் போகும். ஒரு அப்பன் மகனுக்கு எழுதுகிற விஷயமா இது என்று நீ நினைப்பாய். வெட்கப்பட்டு நான் கெட்டது போதும். நீயும் கெட வேண்டாம் என்றுதான் எழுதுகிறேன். உனக்கு அப்படிப் போகிறதா என்று பார்.

அந்த வருடம் நான் வெளுத்துப் போனேன். வெளுத்ததைப் பார்த்து ஊர் என்ன சொன்னது தெரியுமா? "மலைக் காத்து ஒத்துக்கிச்சுண்ணே, நல்லா நெறம் தெளிஞ்சிட்டீக" என்றது. கறுப்பாகப் பிறந்து கறுப்பாகவே நாற்பத்தெட்டு வயதைத் தொட்டவனுக்கு அதைக் கேட்க இனித்தது. கண்ணாடியைக்கூட இரண்டு தடவை பார்த்தேன். நகம் குழிந்து ஸ்பூன் மாதிரி வளைந்ததையும், நாக்கு வழவழவென்று ஆகி உறைப்புப் பட்டால் எரிந்ததையும் அந்தக் கண்ணாடி காட்டவில்லை. மலை உச்சியில், மெட்டில் நின்று டயர் மாற்றினால் நெஞ்சு படபடவென்று அடிக்கும். காதுக்குள் ஒரு இரைச்சல் கேட்கும். வயதாகிறது என்று விட்டுவிட்டேன். ஊரில் நடந்த முகாமில் ஒரு நர்ஸ் பிள்ளை என் கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்துவிட்டு, "அண்ணே, கண்ணுல ரத்தமே இல்ல. பெரியாஸ்பத்திரிக்கு எழுதித் தாரேன், வெரசாப் போங்க" என்று சீட்டு எழுதிக் கொடுத்தாள். அந்தச் சீட்டைத்தான் ஸ்டாண்டில் காட்டி, பொம்பளைகள் சீக்கு எனக்கு வந்திருக்காம் என்று எல்லோரையும் சிரிக்க வைத்தேன். அந்தச் சீட்டைச் சுருட்டிக் காது குடைந்தேன்.

அடுத்த மாதம் பதினோராவது வளைவில் அது நடந்தது. நம் வீட்டில் அந்த விபத்தைப் பற்றிப் பேசுவதில்லை. பேசினாலும் "பிரேக் பிடிக்காமப் போன அன்னைக்கு" என்றுதான் உன் அம்மா சொல்வாள். திங்கட்கிழமை காலை, ஆறரை மணி இருக்கும். ஏலத் தோட்டத்தில் காயெடுப்புக் காலம். ராசிங்காபுரத்திலிருந்து பெண்களைப் புளிமூட்டை மாதிரி அடைத்துக்கொண்டு போனேன். பின்படியில் எதிர்வீட்டுப் பேச்சியக்கா தூக்குவாளியோடு உட்கார்ந்திருந்தது. பத்தாவது வளைவு ஏறும்போதே நெஞ்சு அடித்துக்கொள்ள ஆரம்பித்தது. காது இரைந்தது. பெண்கள் பேசுவது தூரத்தில் எங்கோ கேட்டது. கண்ணின் இரண்டு ஓரத்திலிருந்தும் இருட்டு உள்ளே வந்தது. நிறுத்த வேண்டும் என்று தோன்றியது எனக்கு நினைவிருக்கிறது. நிறுத்தச் சொன்ன மனசுக்குக் கால் கட்டுப்படவில்லை. பிரேக் அங்கேயேதான் இருந்தது, அப்பு. என் கால்தான் அதன் மேல் போகவில்லை. வண்டி பின்னால் உருண்டு மலைப் பக்கத்து ஓடையில் இறங்கிப் பாறையில் மோதி நின்றது. பள்ளத்துப் பக்கம் உருண்டிருந்தால் இந்தக் கடிதத்தை எழுத நானும் இருந்திருக்க மாட்டேன், நம் தெருவில் பாதி வீடும் இருந்திருக்காது. பேச்சியக்கா படியிலிருந்து தெறித்து விழுந்ததில் இடுப்பெலும்பு முறிந்தது.

எனக்கு நினைவு திரும்பியபோது யாரோ முகத்தில் தண்ணீர் தெளித்தார்கள். எதிரே வந்த வண்டிக்காரன் ஒருவன் குனிந்து, "பிரேக்கு பிடிக்கலையாண்ணே?" என்று கேட்டான். நான் தலையை ஆட்டினேன். அவ்வளவுதான். ஒரு பொய்கூட என் வாயால் சொல்லவில்லை. யாரோ நீட்டிய பொய்யை வாங்கித் தலையில் வைத்துக்கொண்டேன். மயங்கி விழுந்தேன் என்று சொன்னால் ஆயுசுக்கும் எவனும் என் வண்டியில் ஏற மாட்டான், லைசென்ஸ் போய்விடும் என்ற பயம் அந்த அரை நொடிக்குள் எனக்கு வந்துவிட்டது பார். ரத்தம் இல்லாத மூளைக்கு அந்தக் கணக்கு மட்டும் சரியாக வந்தது.

பெரியாஸ்பத்திரியில் என் ரத்தத்தைப் பார்த்த டாக்டரம்மா முதலில் நம்பவில்லை, இன்னொரு தடவை எடுத்துப் பார்க்கச் சொன்னார். ஹீமோகுளோபின் ஐந்தரைதான் இருந்தது, பதின்மூன்றாவது இருக்க வேண்டுமாம். "இதை வச்சுக்கிட்டு மலையில வண்டி ஓட்டுனீங்களா?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. பயந்து போய்க் கேட்டார். அதுதான் எனக்கு இன்றைக்கும் மறக்கவில்லை. ரத்தம் ஏற்றினால் சரியாகிவிடும் என்று நினைத்தேன். அதையும் சொட்டுச் சொட்டாகத்தான் ஏற்ற முடியும், வேகமாக ஏற்றினால் இதயம் தாங்காது என்றார். உடம்பில் இருக்கிற கொஞ்ச ரத்தத்தை வைத்து எல்லா இடத்துக்கும் சமாளிக்க, இதயம் இரண்டு வருடமாக இரட்டைச் சோலி பார்த்துப் பெருத்துப் போயிருந்ததாம். லோடுக்கு மேல் லோடு ஏற்றிய வண்டியின் என்ஜின் என்ன ஆகும் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வாய் வழியாகக் குழாய் விட்டுக் குடலைப் பார்த்தார்கள், புண்ணைக் கண்டுபிடித்தார்கள். வீட்டுக்கு வந்து உங்களிடம் "அல்சராம்" என்றேன். நீங்களும் அதற்கு மேல் கேட்கவில்லை.

அதோடாவது புத்தி வந்ததா என்றால் இல்லை. இரும்புச் சத்து மாத்திரை ஆறு மாதம் சாப்பிடச் சொன்னார்கள். நான் அதைக் கட்டஞ்சாயாவோடு முழுங்கினேன். சாயா அந்தச் சத்தை உடம்பில் சேரவிடாது என்று சொல்லியிருந்தும் முழுங்கினேன். வயிறு இறுகுகிறது என்று இரண்டாம் மாதமே நிறுத்திவிட்டேன். மறுபடி இறங்கியது, மறுபடி போய்ப் படுத்தேன். இதயம் பாதிதான் பழைய நிலைக்குத் திரும்பியது. பயந்து போய் வண்டியை விட்டுவிட்டேன் என்று ஊர் நினைக்கிறது. மாடிப்படி நாலு ஏறினால் எனக்கு மூச்சு முட்டுகிறது, சாயங்காலம் காலை அமுக்கினால் விரல் பதிந்த குழி அப்படியே நிற்கிறது. இதை உன் அம்மாவிடம்கூட செருப்புக் கடித்த வீக்கம் என்றுதான் சொல்லி வைத்திருந்தேன்.

இப்போது உன்னிடம் வருகிறேன். அந்த மாத்திரையை உனக்கு முதலில் கொடுத்தது யார் என்று யோசித்துப் பார். லீவில் நீ என்னோடு லோடு ஏற்ற வந்தாய். ஏல மூட்டை தூக்கி இடுப்பு பிடித்துக்கொண்டது என்றாய். "இந்தா, ஒண்ணு போட்டுக்கடா. நாளைக்கும் சோலி கெடக்கு" என்று என் அட்டையிலிருந்து பிய்த்துக் கொடுத்தேன். பிறகு நீயே ஜீப் எடுத்தாய். நீயே மெடிக்கலில் வாங்கினாய். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அந்த மாத்திரை என்ன செய்யும் என்று எனக்கு அப்போது நன்றாகத் தெரியும். சொல்ல வாயெடுப்பேன். மாத்திரையைச் சொன்னால் புண்ணைச் சொல்ல வேண்டும், புண்ணைச் சொன்னால் ரத்தத்தைச் சொல்ல வேண்டும், ரத்தத்தைச் சொன்னால் அந்தத் தலையாட்டலைச் சொல்ல வேண்டும். ஒரு நூலை இழுத்தால் மொத்தமும் பிரிந்துவிடும் என்று வாயை மூடிக்கொண்டேன். என் மானத்துக்காக உன்னை அந்த மாத்திரையைத் தின்ன விட்டேன். இதைவிடக் கேவலமாக ஒரு அப்பன் இருக்க முடியாது.

ஞாயிற்றுக்கிழமை பந்தலுக்கு அளவெடுக்க மாடிக்குப் போனாய். நடுப்படியில் உட்கார்ந்துகொண்டாய். நான் பார்க்கிறேன் என்று தெரிந்ததும் செல்போனை எடுத்து ஏதோ பார்ப்பது போல் பாவனை செய்தாய். அது என் பாவனை. நான் வண்டியின் பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு மூச்சு வாங்குவேன். அம்மா உன் கன்னத்தை வழித்துத் திருஷ்டி கழித்து, "மாப்பிள்ளைக் களை வந்திருச்சு, நெறம் எப்படித் தெளிஞ்சிருக்கு பாருங்க" என்றாள். அதைக் கேட்டதுமே எனக்குப் பகீரென்றது. ஆனாலும் கல்யாண வீட்டில் அபசகுனமாகப் பேசுவானேன் என்று சும்மா இருந்தேன்.

திங்கட்கிழமை காலையில் தெருப் பெண்களை நீ ஏற்றிக்கொண்டிருந்தாய். எதிர்வீட்டு வாசலில் ஊன்றுகோலோடு உட்கார்ந்திருந்த பேச்சியக்கா வழக்கம்போலக் கத்தியது. "அப்பு, பிரேக்கு! பிரேக்கைப் பாத்துக்கய்யா!" நீயும் வழக்கம்போல மூன்று தடவை மிதித்துக் காட்டி, "கல்லு மாதிரி இருக்கு பெரியம்மா" என்றாய். உன்னைப் போலப் பிரேக்கைப் பார்க்கிற டிரைவர் இந்த மலையில் இல்லை என்று எல்லோரும் சொல்கிறார்கள். வாராவாரம் கழற்றிப் பார்க்கிறாய், முந்தலில் இறங்கி இன்னொரு முறை பார்க்கிறாய். எல்லாம் என்னால் வந்தது. நான் தலையாட்டிய பொய்யை நம்பி, கெடாத பிரேக்கைப் பத்து வருடமாக நீ பார்த்துக்கொண்டிருக்கிறாய். கெட்டுக்கொண்டிருப்பதைப் பார்க்க உனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. வண்டி தெருமுனை திரும்புகிற வரை நான் வாசலில் நின்றேன். ஒரு மணி நேரம் கழித்துத்தான் அம்மா அரிசியோடு வந்தாள்.

நேற்று ஜெயராஜ் பட்டறைக்குப் போனேன். விபத்துக்கு முந்தின வாரம் என் வண்டிக்குப் பிரேக் வேலை பார்த்தவன் அவன்தான். அதற்கப்புறம் மலைக்குப் போகிற ஒரு ஜீப்பும் அவனிடம் நிற்கவில்லை. இப்போது சைக்கிளுக்கும் டூவீலருக்கும் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருக்கிறான். நான் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். அவன் டியூபைத் தண்ணீரில் முக்கிக் குமிழி பார்த்துக்கொண்டே கேட்டான். பிறகு, "தெரியும்ணே. அன்னைக்கே ஸ்டேஷன்ல போய் வண்டியக் கழட்டிப் பாத்தேன். பிரேக்கு நல்லாத்தேன் இருந்துச்சு. சொன்னேன், எவன் நம்புனான்? நீ வந்து சொல்லுவேன்னு இருந்தேன்" என்றான். நான் கையைப் பிடிக்கப் போனேன். கையை இழுத்துக்கொண்டான். "எங்கிட்டச் சொல்லி என்னண்ணே ஆகப்போகுது? ஸ்டாண்டுல போய்ச் சொல்லு" என்றான். இன்று காலை போய்ச் சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை.

அங்கிருந்து நேராகப் பேச்சியக்காவிடம் போனேன். அது திட்டும், மண்ணை வாரித் தூற்றும் என்று எல்லாவற்றுக்கும் தயாராகத்தான் போனேன். "அப்ப அந்தப் பிள்ளைக்கு நான் வாரவாரம் தப்பாவா சொல்லிக்கிட்டு இருந்தேன்?" என்றது. அப்புறம், "அவனுக்கும் அந்தச் சீக்கு இருக்குங்கிறியே, இப்ப எங்க இருக்கான்? வண்டிலயா?" என்று கேட்டு ஊன்றுகோலைத் தேடியது. என்னைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நான் அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதுவிட்டேன்.

ஆவணி முகூர்த்தத்துக்குப் பெண் வீட்டாரைத் தோட்டத்து லயத்து வீட்டிலிருந்து நீயே ஜீப்பில் ஏற்றிக்கொண்டு இறங்குவதாக வாக்குக் கொடுத்திருக்கிறாய். மாமனார், மாமியார், கல்யாணப் பெண், அவள் தங்கச்சி, கைக்குழந்தையோடு அவள் அக்கா. மழையும் மூடுபனியும் இருக்கிற மாதம். இறங்கும்போது பிரேக்கில் கால் இருந்துகொண்டே இருக்க வேண்டும். உன் சம்மதம் கேட்காமல் நான் சம்பந்திக்குப் போன் போட்டு, மாப்பிள்ளை ஓட்டுகிற வண்டியில் ஏற வேண்டாம், பஸ்சில் வாருங்கள் என்று சொல்லிவிட்டேன். ஏன் என்று கேட்டார். இதையெல்லாம் சொன்னேன். பெண் கொடுக்கிற மனிதரிடம் இப்படிச் சொன்னால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். அவர் "யோசிச்சுச் சொல்றேன்" என்று வைத்துவிட்டார். இன்னும் கூப்பிடவில்லை. ஆனால் உனக்குப் பேசியிருக்கிற அந்தப் பிள்ளை கௌசல்யா கூப்பிட்டாள். நீ ஒரு மாதமாக அவள் முன்னாலும் அரிசி மெல்லுகிறாயாம். ஒருநாள் மெட்டில் வண்டியை நிறுத்திவிட்டு ஸ்டீயரிங்கில் தலையைக் கவிழ்த்துக்கொண்டாயாம். "தூக்கம்னு சொன்னாங்க மாமா" என்றாள். உன் மேல் எனக்கு வந்த கோபம் கொஞ்ச நஞ்சமில்லை. பிறகு யார் மகன் என்று நினைத்து அடங்கினேன்.

கல்யாணம் தள்ளிப் போகட்டும், நின்றே போகட்டும், ஊர் சிரிக்கட்டும். நீ பெரியாஸ்பத்திரிக்குப் போய் ரத்தம் கொடு. அந்த அட்டையைக் கையோடு கொண்டுபோய்க் காட்டு, எத்தனை வருடமாகத் தின்கிறாய் என்று மறைக்காமல் சொல். குழாய் விட்டுப் பார்க்க வேண்டும் என்றால் வாயைத் திற. நீயாக இரும்புச் சத்து மாத்திரை வாங்கிச் சாப்பிட்டுச் சமாளிக்காதே. அந்த மாத்திரைக்கும் வெளிக்குக் கறுப்பாகப் போகும், அப்புறம் எது எதனால் என்று உனக்கே தெரியாது. ஓட்டை எங்கே என்று பார்க்காமல் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தவன் நான். உனக்கு இருபத்தேழு வயது. உன் இதயம் இன்னும் பெருத்திருக்காது என்று நம்புகிறேன். நம்புகிறேன் என்றுதான் சொல்ல முடிகிறது.

ஜன்னல் வழியாகப் பார்க்கிறேன். மலை தெரியவில்லை. காலையிலிருந்து மேகம் இறங்கி முந்தல் வரைக்கும் மூடியிருக்கிறது. உனக்கு நாலு தடவை போன் போட்டேன், மேலே சிக்னல் இல்லை. நாளை மறுநாள் சனிக்கிழமை. சாயங்காலம் நம் தெருப் பெண்களை ஏற்றிக்கொண்டு நீ இறங்க வேண்டிய நாள். தன் ஜீப்பை மேலேயே விட்டுவிட்டு அந்த வண்டியை முருகேசன் ஓட்டிக்கொண்டு வருவான், அவனிடம் பேசிவிட்டேன். சாவியை அவனிடம் கொடு. கௌரவம் பார்க்காதே. நான் பார்த்த கௌரவம் எதிர்வீட்டு வாசலில் ஊன்றுகோலோடு உட்கார்ந்திருக்கிறது.

உன் பையிலிருந்த அரிசியை அம்மா தூரப் போடவில்லை. ஒரு டம்ளரில் போட்டு சாமி படத்துக்குக் கீழே வைத்திருக்கிறாள். இன்று மத்தியானம் என்னிடமிருந்து எல்லாவற்றையும் கேட்ட பிறகு அவள் பேசிய ஒரே பேச்சு அதைப் பற்றித்தான். "இதுல மஞ்சளைத் தடவி அவன் கல்யாணத்துல அவன் தலையில போடணும். உங்க கையாலதேன் போடணும்" என்றாள். நான் போடுகிறேன், அப்பு. உனக்கு நான் அரிசி போடுவது அந்த ஒரு தடவைதான் இருக்க வேண்டும். அது உன் தலையில் விழ வேண்டும். வேறு எங்கேயும் போட எனக்குத் தெம்பில்லை.

பஸ்சில் வா.

அப்பா